பரம்பரையில் சேராதது

என் தம்பியின் இடுப்பை உடைத்தவள் நான். எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நான் வீடு மாறியபோது, என் வாஷிங் மெஷினை மூன்றாவது மாடிக்கு ஏற்ற அவன் ஒரு பக்கம் பிடித்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் "அக்கா" என்றான். அவ்வளவுதான், படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டான். முதுகெலும்பின் அடியில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்த பிறகும் இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட். அது இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

அவன் வைத்திருப்பது டைல்ஸ் கடை. மீசை முளைத்த நாளிலிருந்து டைல்ஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கும் கிடங்குக்கும் நடந்தவன். ஒரு பெட்டியை நகர்த்திப் பாருங்கள், நாக்கு தள்ளிவிடும். அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுகிற பெட்டி ஆயிற்றே, அதை எப்படிக் குறை சொல்வது? இளிச்சவாயாக என் வாஷிங் மெஷின் மாட்டியது.

"அண்ணி வீட்டு மெஷின்ல போனதுதான் இவரு இடுப்பு" என்று தம்பி பொண்டாட்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். டீயை நீட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொல்வாள். நான் முறைத்தால், "சும்மா விளையாட்டுக்கு அண்ணி" என்பாள். முதலில் மாய்ந்து மாய்ந்து வருத்தப்பட்டேன். பிறகு வருத்தம் தேய்ந்து எரிச்சல் வந்தது. அந்த மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, துணியைக் கையாலேயே துவைக்கிறேன். பேச்சு மட்டும் ஓயவில்லை.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். என் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்குச் ‘சிடுமூஞ்சி மேடம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியும். வைத்துவிட்டுப் போகட்டும். ரோட்டில் நின்று கொஞ்சிக்கொண்டிருந்தால் எவனாவது உயிரை விடுவான்.

தம்பிக்கு ஒரே பெண். இருபது வயதாகிறது, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள், வீட்டில் இன்னும் ‘குட்டி’தான். அவள் என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்தாள். அவள் அம்மாவுக்கு இஷ்டமில்லை, ஆனால் சொந்த அத்தை சும்மா சொல்லித்தருகிறேன் என்னும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. குட்டி கெட்டிக்காரி. கண்ணாடி பார்ப்பாள், சிக்னல் போடுவாள், சொன்னதைச் செய்வாள். அதனால்தான் அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

சிவப்பு விழுந்துவிட்டது. எதிரே ஒரு சரக்கு லாரி நிற்கிறது. "காலை எடு, பிரேக்" என்றேன். வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. "பிரேக் போடு" என்று மறுபடி சொல்லிவிட்டு என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"காலை எடுன்னா எடுக்கமாட்டியா? தூக்கமா? போய்ச் சேர்றதுன்னா தனியா போய்ச் சேரு, என்னை ஏன் கூட்டிட்டுப் போற?"

"எடுத்துட்டேன் அத்தை."

"பொய் வேற சொல்றியா?"

"சத்தியமா எடுத்துட்டேன்."

குனிந்து பார்த்தேன். அவள் வலது கால் ஆக்சிலேட்டர் மேலேயே கிடந்தது. அவளும் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவள் முகம் அப்படி இருக்காது. காலை எடுத்துவிட்டதாகத்தான் அவள் மனசார நினைத்திருக்கிறாள். கால்தான் வரவில்லை.

வண்டியை ஓரம்கட்டி, இடம் மாறி உட்கார்ந்தோம். செருப்பைக் கழற்றச் சொன்னேன். "குதிகாலைத் தரையில வச்சிட்டு, பாதத்தை மட்டும் மேல தூக்கு" என்றேன். இடது பாதம் டக்கென்று எழுந்தது. வலது பாதம் கொஞ்சம் நடுங்கிவிட்டு அப்படியே கிடந்தது.

"எத்தனை நாளா?"

"கால் இப்படி ஆனது தெரியல அத்தை. மாடிப்படியில அடிக்கடி தடுக்கும். அவசரத்துல ஏறுறேன்னு நெனச்சேன். வலி ரெண்டு மாசமா இருக்கு. இடுப்புலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் இழுக்கும்."

"வீட்டுல சொன்னியா?"

"சொன்னேன். அம்மா கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் வலி மாத்திரை குடுத்து, ஓய்வு எடுக்கச் சொன்னாரு. வீட்டுல யாருக்காவது டிஸ்க் பிரச்சனை இருக்கான்னு கேட்டாரு."

"அப்பாவுக்கு இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

"இல்ல அத்தை. யாருக்கும் இல்லைன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"ஏண்டி?"

குட்டி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அப்பாவோடது உங்க வாஷிங் மெஷினால வந்ததுதானே? அது பரம்பரையில சேராதுல்ல."

இதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பூமி உருண்டை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் நெஞ்சில் அதை அத்தனை ஆழத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். வண்டியைத் திருப்பி நேரே டைல்ஸ் கடைக்கு விட்டேன்.

கடையில் ஒரு புருஷன் பொண்டாட்டி பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி உயரமான ஸ்டூலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து நிறம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் பொண்டாட்டி கல்லாவில். நான் யாரையும் சட்டை செய்யவில்லை.

"குட்டிக்குக் கால் செத்துக்கிட்டு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்ன அண்ணி, ஆளுங்க முன்னாடி..." என்று தம்பி பொண்டாட்டி எழுந்து வந்தாள்.

"கிளினிக்ல என்ன சொன்ன நீ? வீட்டுல யாருக்கும் இல்லையா? அப்ப இவன் இடுப்புல கட்டியிருக்கிறது என்ன, ஒட்டியாணமா?"

பாத்ரூம்காரர் களுக்கென்று சிரித்துவிட்டு, பொண்டாட்டி முறைத்ததும் டைல்ஸைப் பார்க்க ஆரம்பித்தார். தம்பி பொண்டாட்டி என்னைக் கையைப் பிடித்து கிடங்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தம்பியும் குட்டியும் பின்னாலேயே வந்தார்கள். சுவர் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளின் நடுவில் நின்றோம்.

"மெதுவா பேசுங்க அண்ணி. பரம்பரை வியாதின்னு ஊருக்குள்ள பேரு வந்தா நாளைக்கு இவளை எவன் கட்டுவான்? இவருக்கு அடிபட்டுதான் வந்துச்சு. அடிபட்டதெல்லாம் டாக்டர்கிட்ட பரம்பரைன்னு சொல்வாங்களா?"

"கால் விளங்காம போனா மட்டும் க்யூல நிப்பானா?"

"நல்லாத்தான் இருந்தா. உங்க கார்ல ஏறி உக்காந்து குலுங்குனதுக்கு அப்புறம்தான் இதெல்லாம்."

கேட்டீர்களா? அவளுக்கு நான் என்றால் அவ்வளவு வசதி. போன தடவை மெஷின், இந்தத் தடவை கார். அடுத்த தடவை என் மூச்சுக்காற்று பட்டு வந்தது என்பாள். கை நீண்டுவிடுமோ என்று பயந்து இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, கார் ஓட்ட ஆரம்பிச்சது போன மாசம்தான். வலி அதுக்கு முன்னாடியே இருக்கு" என்றாள் குட்டி. அதை அவள் அம்மா காதில் வாங்கவே இல்லை.

தம்பி சட்டையைத் தூக்கித் தன் பெல்ட்டைக் கழற்றினான். மகள் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினான். வியர்வையில் ஊறிய அந்த பெல்ட் அவளுக்கு இரண்டு சுற்று வந்தது. "ஒரு வாரம் பலகையில படு கண்ணு. எல்லாம் சரியாயிடும். எனக்குச் சரியாகலையா?"

"உனக்குச் சரியாச்சா?" என்றேன். "கீழ விழுந்த பேனாவை எடுக்க நீ ஆள் கூப்பிடுற. உன்னை மாதிரி இவளும் வாழணுமா? நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்றவங்க வாங்க."

"நான் போறேன்ப்பா" என்று குட்டி பெல்ட்டை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். அவள் காரை நோக்கி நடந்தபோதுதான் நாங்கள் மூன்று பேரும் சரியாகப் பார்த்தோம். வலது முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைப் பொத்தென்று போட்டு நடந்தாள். தம்பி அதைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. பெல்ட்டைக் கட்டக்கூட மறந்து, வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டான். அவன் பொண்டாட்டி கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பு டாக்டர் என் வயதுக்காரி, கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி, கறுப்பாகப் பிதுங்கி நிற்கிற இடத்தை விரலால் காட்டினாள்.

"இவ்வளவு சின்ன வயசுல இவ்வளவு பெருசா பிதுங்கியிருந்தா நாங்க முதல்ல வீட்டைத்தான் விசாரிப்போம். குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

தம்பி சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்தான். நான் பேசினேன்.

"இவனுக்கு இருக்கு. எங்க சித்தப்பாவுக்கு இருக்கு, ஆனா அவரு பஸ் படியில வழுக்கி விழுந்தாரு. எங்க தங்கச்சிக்கு இருக்கு, ஆனா அது பிரசவத்துல முதுகுல போட்ட ஊசியால. எங்கப்பாவுக்குச் சாகுற வரைக்கும் வாயுப் பிடிப்பு."

சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே காது கூசியது. தனித்தனியாகக் கேட்டபோதெல்லாம் ஒவ்வொன்றும் எவ்வளவு நியாயமாக இருந்தது. ஒரே மூச்சில் சொன்னால் பைத்தியக்கார வீட்டுப் பேச்சாக இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. மாடு மாதிரி இருக்கேன்."

"அப்படியும் இருக்கும். ஒரே வீட்டுல எல்லாருக்கும் வராது. ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்குக்கு வெளிய நாரும் உள்ள கூழும் இருக்கும். அந்த நாரை உடம்பு நெய்யுது பாருங்க, அந்த நெசவே சில குடும்பத்துல கொஞ்சம் மெலிசு. ஒரு ஜீன் இல்லை, பல ஜீன் சேர்ந்து செய்யுற வேலை. விழுந்தது, தூக்குனது எல்லாம் மேல ஒரு தள்ளு தள்ளியிருக்கும். பாரமே தூக்காம, தும்மி வந்தவங்களையும் பாத்திருக்கேன். இதுல யார் தப்பும் இல்லை."

யார் தப்பும் இல்லை. இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தவித்துக் கிடந்தேன். எவள் வாயிலிருந்தாவது இது வந்தால் தம்பி வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது வந்தது, எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இன்னும் ஆத்திரம்தான் கூடியது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"வலி வந்தப்பவே வீட்டு விவரம் தெரிஞ்சிருந்தா, காலோட பலத்தை அடிக்கடி பாத்திருப்பாங்க. இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டாங்க. இப்ப பாதத்தைத் தூக்குற நரம்பு நசுங்கிக் கிடக்கு. நாளைக்கே ஆபரேஷன் பண்ணணும். பலம் முழுசா திரும்பலாம், பாதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். தள்ளிப்போடப் போட வாய்ப்பு குறையும்."

"ஆபரேஷன் வேணாம் டாக்டர்" என்றான் தம்பி. "முதுகுல கத்தி வச்சா எழுந்து நடக்கவே முடியாதுன்னு சொல்றாங்க. அவளுக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. களைப்பு, அவ்வளவுதான்."

டாக்டர் வாதம் பண்ணவில்லை. குட்டியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, காலடியில் நின்றாள். "கட்டை விரலை மேல தூக்குங்க." இடது கட்டை விரல் எழுந்தது. "இப்ப வலது." குட்டி உதட்டைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, விரல் அசையவில்லை.

"தூக்கு கண்ணு" என்றான் தம்பி. "அப்பாவுக்காகத் தூக்கு."

"தூக்குறேன்ப்பா."

அவன் கட்டிலருகே போனான். தன் ஆள்காட்டி விரலை அவள் கட்டை விரலுக்குக் கீழே கொடுத்து மெல்ல மேலே தூக்கினான். டாக்டரைத் திரும்பிப் பார்த்து, "பாருங்க, வருது" என்றான்.

"கையை எடுங்க சார்" என்றாள் டாக்டர் மெதுவாக.

அவன் எடுத்தான். விரல் விழுந்தது.

தம்பி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அப்பாவுக்கும் இப்படித்தான்கா. இடது செருப்பு மட்டும் நுனியில தேஞ்சு போகும். நான்தான் தைக்க எடுத்துட்டுப் போவேன். நடக்கும்போது முழங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பாரு. நீ அப்ப கட்டிக்குடுத்துப் போயிட்ட, நீ பாக்கல."

"உனக்கு எப்பத் தெரியும் அது டிஸ்க்குன்னு?"

"நான் படுக்கையில விழுந்தப்ப. டாக்டர் படத்தைக் காட்டி, கால் எப்படி இழுக்கும்னு சொன்னாரு. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமாடா என் தலையில போட்ட? உம் பொண்டாட்டி பேசும்போதெல்லாம் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சியேடா."

"மெஷின்னு சொன்னா அது என்னோட முடிஞ்சிடும்கா. அப்பான்னு சொன்னா இவகிட்ட வந்து நிக்கும். சொல்லாம இருந்தா வராதுன்னு..."

பாவமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அறையலாம் போலவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தவன் பாசத்தால்தான் இருந்தான். அந்தப் பாசத்தால்தான் பெண்ணின் கால் போனது. இதை எந்தக் கணக்கில் வைத்து நான் மன்னிப்பது? மன்னிக்கவில்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

குட்டி எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் குரல் என் குரல் மாதிரி இருந்தது. "டாக்டர், ஆபரேஷனுக்கு நான் சம்மதம். கையெழுத்து நானே போடலாம்ல?" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "சின்ன அத்தைக்குப் போன் பண்ணுங்கப்பா. அவங்க பொண்ணுக்குப் பதினாலு வயசு. இப்பவே சொல்லுங்க."

"அக்கா சொல்லட்டும்."

"பெரிய அத்தை சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

தம்பி போனை எடுத்தான். குட்டி அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் தங்கச்சி எடுத்ததும் அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அப்பாவுடையது வாயு இல்லை, என்னுடையது மெஷின் இல்லை, குட்டிக்கு நாளைக்கு ஆபரேஷன், உன் பெண்ணைக் கவனி.

"என்னடா உளர்ற?" என்றாள் தங்கச்சி. "எனக்கு வந்தது ஊசியால. எத்தனை தடவை சொல்றது? அக்கா பக்கத்துல இருக்காளா? அவதானே இதையெல்லாம் உன்கிட்ட ஓதுறா? அவ தப்பை மறைக்க என் பொண்ணு மேல எதையும் ஏத்த வேணாம்னு சொல்லு."

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பழியை அவன் இப்போதுதான் முதல் தடவையாகக் காதில் வாங்கினான். அவன் முகம் சிவந்தது, போனை வாயருகே கொண்டுபோய்க் கத்தினான். சின்ன வயதிலிருந்து அவன் கத்தி நான் கேட்டதில்லை.

"ஊசி இல்லடி. ஊசியும் இல்ல, பஸ்ஸும் இல்ல, அக்காவும் இல்ல. நாமதான். நீ அதையெல்லாம் விடு. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் பொண்ணு கால் வலிக்குதுன்னு சொல்றாளா?"

அந்தப் பக்கத்தில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"வளர்ற வயசு, அதான் வலிக்குதுன்னு நெனச்சேன்" என்றாள் தங்கச்சி.